இரண்டாவது முறையும் போய்ப் பார்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா விழுந்து எழுந்த செய்தி மனத்தை என்னவோ செய்துவிட்டது. கைத்தடியை ஊன்றியாவது வீட்டுக்குள் நடமாடுகிறார்கள் என்ற வரியைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. இங்கே பையன் விடுதியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவன் கிளம்பிப் போன அன்று இரவு எங்கள் நாய் மின்னி அவன் அறை வாசலில் போய்ப் படுத்தாள். இன்றுவரை இரவில் அங்கேதான் படுக்கிறாள். அவளுக்குப் பதினொரு வயது ஆகிவிட்டது. மூக்கைச் சுற்றி முழுக்க நரைத்துவிட்டது. படி ஏறும்போது மூன்றாம் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், நானும் நிற்கிறேன்.

காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுக்கப் போகிறோம், எதை எடுப்பது என்று நீதான் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். சின்னவள் மடியை விட்டு இறக்காத இரண்டு மாதக் குட்டி ஒன்று. கம்பிக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூன்று வயதுப் பழுப்பு நாய் ஒன்று. சின்னவள் குட்டிக்குப் பெயர்கூட வைத்துவிட்டாளாம். பெயர் வைத்த பிறகு வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால் இதுவரை உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன்.

மின்னிக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு ஒரு குட்டி வந்தது. பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய் அன்றைக்கே கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பையனுக்கு ஏழு வயது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தனியாக விட்டால் தொண்டை கட்டும்வரை அழும். அந்த வயதில் பால்பல் ஒவ்வொன்றும் ஊசி. விளையாட்டாகக் கவ்வுவதற்கும் கடிப்பதற்கும் ஏழு வயதுப் பையனுக்கு வித்தியாசம் தெரியுமா? குட்டி பக்கத்தில் வந்தாலே கட்டில்மேல் ஏறிக்கொள்ள ஆரம்பித்தான். ஐந்தாவது வாரம் அதைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டோம். வழியெல்லாம் அது என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தது. பிறகு அதற்கு நல்ல வீடு கிடைத்தது. ஆனாலும் அன்றைக்கு அது என்னை நம்பித் தூங்கிய தூக்கம் இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. குட்டியின் மேல் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டுப் பகல் எப்படிப்பட்டது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் எடுத்தது நாங்கள்தான்.

அதனால் நாயைப் பார்க்கப் போவதற்கு முன்னால் உன் வீட்டைப் பார். காலையில் யார் முதலில் எழுகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கும் நீங்கள் வேலைக்கும் போன பிறகு யார் இருக்கிறார்கள்? அம்மாதான். குட்டி வந்தால் பகல் முழுக்க அதன் பின்னால் ஓட வேண்டியது அவர்கள்தான். ஓடவும் முடியாது. வேகமாக வந்து காலைச் சுற்றும் குட்டி, கைத்தடியோடு நடக்கிறவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. குட்டிகள் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை பார்ப்பதையும் கேட்பதையும்தான் உலகம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த வாரங்களில் பலவகை மனிதர்கள், சத்தங்கள், பிற நாய்கள் எல்லாம் இதமாகப் பழக்கமாக வேண்டும். பழகாதவை பிறகு பயமாக மாறிவிடலாம். அதே வாரங்களில்தான் தடுப்பூசிகளும் முழுமையாகாமல் இருக்கும், பார்வோ போன்ற கொடிய தொற்று பிடித்துவிடும் அபாயமும் இருக்கும். இந்த இரண்டையும் சமாளித்துக் குட்டி வளர்ப்பது முழுநேர வேலை. அது எவ்வளவு பெரிதாக வளரும் என்பதும் தெரியாது. பெற்றோர் தெரியாத குட்டியின் முகத்தைப் பார்த்து இன்ன இனம் என்று சொல்வது, அனுபவசாலிகளுக்கே அடிக்கடி தவறிப்போகிறது. மூன்று வயது நாய் என்றால் அளவும், சுபாவத்தில் பெரும்பகுதியும் கண்ணெதிரே இருக்கிறது.

பெரும்பகுதி என்றுதான் சொல்கிறேன். காப்பகத்தில் பார்க்கும் நாய் முழு நாய் அல்ல. நாங்கள் முதல்முறை போனபோது எத்தனையோ நாய்கள் கம்பியில் பாய்ந்து குரைத்தன. காது அடைத்துவிட்டது. மின்னி மட்டும் கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எவ்வளவு அமைதி, இதையே எடுத்துக்கொள்வோம்" என்றேன். அங்கே வேலை செய்த பெண் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்: "அது அமைதி இல்லை சார், பயம். உடம்பைப் பாருங்கள்." பார்த்தேன். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. கழுத்து அசையவில்லை, கண்மட்டும் எங்கள் பக்கம் சுழன்று வெள்ளை விழி பிறைபோலத் தெரிந்தது. வாயை இறுக மூடியிருந்தாள், அவ்வப்போது நாக்கு மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போயிற்று. அந்த இரைச்சலில் பாயும் நாய் முரடும் இல்லை, ஒடுங்கிக் கிடக்கும் நாய் சாதுவும் இல்லை, இரண்டும் தாங்க முடியாமல் தவிப்பவை என்று அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. உன் பழுப்பு நாயும் சத்தமில்லாமல் நின்றது என்கிறாய். எப்படி நின்றது? உடம்பு தளர்ந்திருந்ததா, விறைத்திருந்ததா? அதை நீ எழுதவில்லை.

நான்கு நாள் கழித்து மறுபடி போனோம். அந்த இரண்டாவது நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கூண்டிலிருந்து வெளியே, மரத்தடி வெற்றிடத்துக்கு அவளைக் கொண்டுவரச் சொன்னோம். கூப்பிடாதீர்கள், கையை நீட்டாதீர்கள், முகத்தை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள் என்றார்கள். பையன் ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவள் பத்தடி தள்ளி நின்றாள். கொட்டாவி விட்டாள், உடம்பை உதறினாள், தரையை முகர்ந்துகொண்டே அரைவட்டமாகச் சுற்றி வந்தாள். இருபது நிமிடம் இருக்கும். அவன் செருப்பு வாரை முகர்ந்தாள், பின்வாங்கினாள், மறுபடி வந்தாள். பிறகு தாடையை மெல்ல இறக்கி அவன் பாதத்தின்மேல் வைத்தாள். பையன் மூச்சுக்கூட விடவில்லை. புத்தகத்தின் பக்கத்தை மட்டும் திருப்பினான்.

அதன்பின் அந்தப் பெண் இன்னொன்றும் செய்யச் சொன்னார். மார்புப் பக்கம் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் ஒதுங்கினாலோ உதட்டை நக்கித் தலையைத் திருப்பினாலோ, போதும் என்று அர்த்தம். சாய்ந்து வந்தால் இன்னும் தடவலாம். மின்னி பையனின் மணிக்கட்டுக்குக் கீழே மூக்கை நுழைத்துக் கையைத் தூக்கிவிட்டாள். குழந்தைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொடுத்துவிடு. இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

அம்மா பயப்படுவது "கடித்துவிட்டால்?" என்பதற்குத்தானே? அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்காதே. மனிதருக்கு வரும் ரேபிஸ் நோயில் 99 விழுக்காடு நாய்களிடமிருந்துதான் வருகிறது, அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் தடுப்பூசியால் முழுக்கத் தடுத்துவிடக்கூடிய நோயும் அதுவே. நாய்க்கு எந்தத் தேதியில் ஊசி போட்டார்கள், அடுத்தது எப்போது என்று காப்பகத்தில் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள். தப்பித்தவறிப் பல் பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், சின்னக் கீறல் என்று விடக்கூடாது.

சின்னவளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. குழந்தைகளைக் கடிப்பது எப்போதும் தெருவில் போகும் ஏதோ ஒரு நாய்தான் என்பதில்லை, அவர்களுக்குப் பழக்கமான நாயும் கடிக்கலாம். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடக்கூடாது, கழுத்தைக் கட்டிக்கொள்ளக்கூடாது. நமக்கு அணைப்பு அன்பு, பல நாய்களுக்கு அது பிடிபட்டுவிட்ட உணர்வு. வாலை ஆட்டினாலே நட்பு என்று நம்பிவிடவும் கூடாது. 2007-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களை வைத்துப் பார்த்தபோது, எஜமானரைக் கண்டால் வால் அதிகமாக வலப்பக்கம் ஆடியதாம், முன்பின் தெரியாத மிடுக்கான நாயைக் கண்டால் இடப்பக்கம் சாய்ந்ததாம். நம் கண்ணுக்கு அந்த வித்தியாசம் எளிதில் அகப்படாது. வாலை விட்டுவிட்டு முழு உடம்பையும் பார்க்கச் சொல். தளர்ந்த உடம்பு, லேசாகத் திறந்த வாய், அதுதான் நல்ல சேதி.

காப்பகத்தாரிடம் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேள். இந்த நாய் எப்படி வந்தது, யாராவது எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார்களா, ஏன்? திருப்பப்பட்ட நாய் என்றால் பயந்துவிடாதே, காரணம் அந்த வீட்டில்கூட இருக்கலாம். எங்கள் கதை தெரிந்துவிட்டதே. அவர்கள் உன் வீட்டை வந்து பார்க்க வேண்டும் என்றால் சம்மதித்துவிடு. கேள்வி கேட்கிற காப்பகம்தான் நல்ல காப்பகம். கருத்தடை, குடற்புழு, உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை பற்றியெல்லாம் உன் கால்நடை மருத்துவர் சொல்லிவிடுவார்.

எந்த நாய் வந்தாலும் முதல் மூன்று நாள் அது நடுங்கும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில்தான் இது என் வீடு என்று நினைக்கும் என்பார்கள். நாள் கணக்கு நாய்க்கு நாய் மாறும். மின்னி முதல் ஒன்றரை நாள் சோபாவுக்குப் பின்னால் கிடந்து எதையும் தின்னவில்லை. இரண்டாம் வாரம் தட்டருகே போனால் உறுமினாள். என் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டைப் பிடுங்காதீர்கள், தள்ளி நின்று தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் என்றார் மருத்துவர். ஒரு மாதத்தில் நாங்கள் பக்கத்தில் போனால் தலையைத் தூக்கி ஆவலோடு பார்க்க ஆரம்பித்தாள். முதல் குரைப்பையே நாங்கள் இருபத்திரண்டாம் நாள்தான் கேட்டோம். மூன்று பேரும் கைதட்டினோம்.

முதல் சில வாரங்கள் வெளியே போகும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதே. மார்பைச் சுற்றிய பட்டையிலும் இன்னொரு வார் மாட்டிவிடு. பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியே கழன்றுவிடும். புதிதாக வந்த நாய்கள் இப்படியும் தொலைந்துபோகும். தொலைபேசி எண் பொறித்த தகடும் முதல் நாளே இருக்கட்டும்.

விடுதிக்குப் போகும் முன் பையன் ஒரு செய்தி படித்துக் காட்டினான். ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசெல் என்னும் இடத்தில் 1914-ல் கல் உடைத்தவர்கள் ஒரு கல்லறையைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. ஏறக்குறைய 14,000 ஆண்டுக்கு முந்தையது. 2018-ல் அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள், அதற்கு டிஸ்டெம்பர் என்னும் கடும் நோய் கண்டிருக்க வேண்டும், வாரக்கணக்கில் யாரோ சுத்தம் செய்து, தண்ணீர் கொடுத்து, கதகதப்பாக வைத்துப் பார்த்திராவிட்டால் அது அவ்வளவு நாள் பிழைத்திருக்காது என்றார்கள். ஏழு மாதம்கூட நிறையாத குட்டி. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டி. படித்து முடித்துவிட்டு அவன் மின்னியின் நரைத்த தாடையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

என் ஓட்டு அந்தப் பழுப்பு நாய்க்கு. சின்னவள் அழுவாள். பக்கத்தில் உட்கார வைத்து, இவ்வளவு பஞ்சான குட்டியை எடுத்துக்கொள்ள நிறையப் பேர் வருவார்கள், மூன்று வயது நாயைக் கேட்டு அவ்வளவு பேர் வருவதில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் கடைசி முடிவை என் கடிதத்தைப் பார்த்து எடுக்காதே. இரண்டாவது முறையும் போ, இந்த முறை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போ. கூண்டுக்கு வெளியே ஒரு நாற்காலி கேட்டு வாங்கி அவர்களை உட்கார வை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நாலடி நடக்கச் சொல். தரையில் கைத்தடி தட்டும் சத்தத்துக்கு அந்த நாய் என்ன செய்கிறது என்று பார்த்து, அன்று இரவே எனக்கு எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தங்கள்.

என்றும் உன்
நண்பன்