‘தங்கம் தேடும் மெஷின்’: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் மன்றத்தில் மெட்டல் டிடெக்டர் செய்துகொண்டிருக்கிறார்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் கம்மலையும் மோதிரத்தையும் தொலைத்துவிட்டு மணலைக் கிளறுபவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா, ‘தங்கம் தேடும் மெஷின்’ என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டிலும் இதே பேச்சாகத்தான் இருக்கும்.

பிளாஸ்டிக் தட்டைச் சுற்றி இனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றுகிறோம். அதுதான் தேடும் காயில், அதாவது கம்பிச் சுருள். அதனுடன் சேர்ந்து ஓர் ஆஸிலேட்டர், அதாவது மின் அதிர்வை உண்டாக்கும் சுற்று ஓடும், பக்கத்திலேயே இன்னொன்று ஏறக்குறைய அதே அதிர்வெண்ணில் ஓடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இயர்போனில் ஒலியாகக் கேட்கும். காயிலுக்குக் கீழே உலோகம் வந்தால் அந்த ஒலி மாறும். 9 வோல்ட் பேட்டரி போதும்.

கம்பி தளர்ந்திருந்தால் தட்டை லேசாகத் தொட்டாலே ஒலி தடுமாறும். ஒரு மாணவி சுற்றியதையெல்லாம் பிரித்து, மறுபடி இறுக்கிச் சுற்றி, முனையில் இனாமலைப் பிளேடால் சுரண்டி, பற்றவைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். மின்தூண்டல் பாடத்தை ஒப்பிப்பதைவிட இதில் அவள் கற்றது அதிகம் என்றே நினைக்கிறேன்.

சரி, தங்கம் கிடைக்குமா? மோதிரம் சில அங்குல ஆழத்துக்குள் இருந்தால் கேட்கும். மூக்குத்தி என்றால் காயில் அதைத் தொடுகிற அளவுக்குப் போக வேண்டும். அலுமினியத் தாளுக்கும் இதே ஒலிதான் வரும், தங்கத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்ல இந்தக் கருவிக்குத் தெரியாது. உப்புநீர் ஊறிய மணலில் சும்மாவே கத்தும். அதனால் காய்ந்த மணலில் மட்டும், ஆசிரியர்களுடன் சனிக்கிழமை காலையில் சோதிப்போம்.

தயவுசெய்து வீட்டு நகையைச் சோதனைக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். பித்தளை வாஷரே போதும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை தெரிந்தவர்கள் மீந்த கம்பி வாங்கிக் கொடுத்தால் உதவியாக இருக்கும். கம்பிக்காகப் பழைய டிவியைப் பிள்ளைகள் தனியே பிரிக்க விடாதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அப்புறம், கருவியை எடுத்துக்கொண்டு அரிக்கமேட்டுக்குப் போகலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம், அங்கே தோண்டுவது குற்றம். வேறு எங்கே மண்ணுக்குள் புதையல் கிடைத்தாலும், மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். கடற்கரையில் யாரோ தொலைத்த நகை அகப்பட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைப்போம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
கடலூர்