பெயர் எழுதிய நட்சத்திரங்களை மறுபடி கட்டவிடுங்கள்: எங்கள் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

கோவில் முகப்பில் டிசம்பர் மாதம், இறந்தவர்கள் பெயரை எழுதிய காகித நட்சத்திரங்களைக் கட்டி நாங்கள் வைக்கும் பெயர் நட்சத்திர மரம் இந்த வருஷம் கிடையாது என்று போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அறிவித்தீர்கள். காரணம் சொல்லவில்லை. வெளியே வந்து கேட்டபோது பேரவையைச் சேர்ந்த ஒருவர், "நல்ல நாளும் அதுவுமா செத்தவங்க பேரை எதுக்கும்மா தொங்கவிடணும்? அதுக்குத்தான் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கே" என்றார். மரம் நின்ற இடத்தில் இப்போது நின்று படம் எடுத்துக்கொள்ள ஓர் அலங்கார வளைவு இருக்கிறது, அதன் மேல் பணம் கொடுத்த கடையின் பேனர்.

கோபத்தில்தான் எழுதுகிறேன். மரியாதைக்குக் குறைவாக ஏதாவது விழுந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: 24ஆம் தேதி இரவுத் திருப்பலிக்கு முன்னால் அந்த மரத்தையும் பக்கத்திலிருந்த உண்டியலையும் பழைய இடத்தில் வைக்க விடுங்கள்.

உண்டியல் பணம் எங்கே போனது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஏழைகளுக்கு உதவும் நம் வின்சென்ட் தே பவுல் சபை வழியாக, கடைசி நிலை நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ் கேர், அதாவது வலி தணிக்கும் பராமரிப்புக் குழுவுக்குப் போனது. அந்தக் குழு என் வீட்டுக்கும் வந்தது என்பதால் சொல்கிறேன்.

அம்மாவுக்கு மார்பகப் புற்று. "இனி செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிய பிறகு ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. புண் வெடித்து வெளியே வந்துவிட்டது. வலியைக்கூட அடுத்தவரிடம் சொல்லிவிடலாம், அந்த வாடையைச் சொல்ல வாய் வராது. ஒரே அறை, ஒரு ஹால். ஜன்னலைத் திறந்து வைத்தும் ஊதுபத்தி ஏற்றியும் தரையை டெட்டால் போட்டுத் துடைத்தும் போகவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனார்கள். எதனால் உள்ளே வரவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும், அதனாலேயே யார் வந்தாலும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். நம் கேரல் குழுவும் வந்தது, தெருவிலேயே ஒரு பாட்டைப் பாடி, காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு, அம்மாவுக்காக ஒரு ஜெபம்கூடச் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பாடிய பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கூட வந்த பெரியவர்கள் மேல் இன்னும் இருக்கிறது.

அந்த வாரத்தில்தான் பாலியேட்டிவ் கேர் சிஸ்டர் முதல்முறை வந்தார். வந்தவர் மூக்கைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை, அம்மாவின் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்தார். புண்ணைச் சலைன் ஊற்றிக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, பஞ்சு வைத்துக் கட்டி, அதை எனக்கும் சொல்லிக்கொடுத்தார். சில நாளில் வாடை அடங்கிவிட்டது. எந்த மெடிக்கலிலும் கிடைக்கும் விலை குறைந்த மாத்திரை அது, அதுவரை பார்த்த எந்த டாக்டரும் எங்களிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

வலிக்கு மார்ஃபின். அது தெரு முனை மெடிக்கலில் கிடைக்காது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு மருத்துவமனைகளே வாங்கி வைக்கத் தயங்கிய மருந்து. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதிக அலைச்சல் இல்லாமல் வைத்துக்கொள்ள வழி வந்தது. குழுவின் டாக்டர் எழுதிக்கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும், வலிக்காகச் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் இதற்கு அடிமையாகிவிடுவார் என்று பயப்பட வேண்டாம் என்று பொறுமையாக எல்லாவற்றையும் எழுதியும் வைத்தார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அம்மா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, கேக்கைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டார். சிஸ்டர் 25ஆம் தேதியும் வந்தார். ஒரு பைசா வாங்கவில்லை.

தவக்காலம் தொடங்குமுன் அம்மா போய்விட்டார்.

அடுத்த டிசம்பரில் துக்க வீடு என்று நாங்கள் நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. நம் வழக்கம் அப்படி, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தெருவே வெளிச்சமாக இருக்கும்போது இருட்டாக நிற்கும் அந்த ஒரு வீட்டில் இருப்பவர்களுக்கு, கோவில் முகப்பில் அம்மா பெயர் எழுதிய ஒரு காகித நட்சத்திரம்தான் அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ். அதற்காகவே பூசைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களில் யாரையாவது கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுத்திருக்கலாம்.

நவம்பர் 2 இருக்கிறது, உண்மைதான். கீழ்ப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வருகிறோம். அது இறந்தவர்களுக்குச் செய்வது. இந்த மரம் இன்றைக்கு ஏதோ ஒரு வீட்டில் வலியில் படுத்திருப்பவருக்குச் செய்வது, அதை இறந்தவர் பெயரால் செய்கிறோம். நோயாளியிடம் காசு வாங்காத குழுவுக்குச் சிஸ்டரின் சம்பளம், வண்டிக்கு டீசல், பஞ்சு, கட்டுத்துணி, படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட் எல்லாம் வேறு எங்கிருந்து வரும்?

இது நம் திருச்சபைக்குப் புதிதும் இல்லை. மறைக்கல்வி நூலின் 2279ஆம் எண்ணில், வலி தணிக்கும் பராமரிப்பு கைம்மாறு கருதாத அன்பின் தனிச்சிறப்பான வடிவம், அதை ஊக்குவிக்க வேண்டும் என்று இருக்கிறது. கடைசி நிலை நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமான ஹாஸ்பிஸ், இந்தியாவில் முதல்முதலாக 1986இல் தொடங்கியது மும்பை பாந்த்ராவில், மலை மாதா கோவிலுக்குப் பக்கத்தில். அரசுதான் செய்கிறதே என்றும் ஒருவர் சொன்னார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் கேர் உண்டு, நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் அரசு ஊழியர் மட்டும் வந்துபோனால் போதுகிற வேலை இல்லை இது. கேரளாவில் 2008இல் அரசு இதற்கென்று கொள்கை வகுப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். நமக்குத் தெருவுக்குத் தெரு, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் இருக்கிறது. எந்த அன்பியத்தில் எத்தனை பேர் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்ற பட்டியல் பேரவையிடம் இருக்கிறதா? நற்கருணை கொண்டுவரச் சொல்லி ஆபீஸில் பெயர் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். சீரியல் விளக்குக்கும் சவுண்டுக்கும் மேடைக்கும் கூட்டம் போட்டு மணிக்கணக்கில் பேசுகிறீர்கள், ஏழைகள் கவர் கொடுக்க முடியாத சந்துகளுக்குள் கேரல் குழு நுழைவதே இல்லை, இதை ஒரு கூட்டத்திலாவது பேசினீர்களா?

சரி, இதையெல்லாம் எழுதினால் நீண்டுகொண்டே போகும். நான் கேட்க வந்தது மரத்தை.

அலங்கார வளைவை எடுக்கச் சொல்லவில்லை, நாலடி தள்ளி வைத்தால் போதும். மரம், காகிதம், கயிறு எல்லாம் எங்கள் அன்பியம் பார்த்துக்கொள்ளும், பங்குக்கு ஒரு ரூபாய் செலவு வராது. உண்டியல் சாவி வழக்கம்போல வின்சென்ட் தே பவுல் சபைப் பொருளாளரிடம் இருக்கட்டும், எண்ணிய தொகையையும் குழு கொடுக்கும் ரசீதையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். வருகிற ஞாயிறு எல்லாப் பூசைகளிலும், மரம் இருக்கிறது, பெயர் எழுத விரும்புகிறவர்கள் வரலாம் என்று ஒரு வரி அறிவித்துவிடுங்கள் சாமி, தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருத்தி
வடசென்னை