'தெம்' எல்லா இடத்திலும் 'ஹென்' ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில் டச்சு மொழியைப் பற்றிய பகுதியில், ஆங்கிலத்தின் 'தே' (they: அவர்கள், அவை), 'தெம்' (them: அவர்களை, அவற்றை), 'தேர்' (their: அவர்களுடைய) மூன்றுக்கும் முறையே 'ஸெய்', 'ஹென்', 'ஹுன்' என்று போட்டால் போதும் என்றிருந்தது. நெதர்லாந்தில் வசிப்பவள், டச்சு மொழியிலேயே வேலை பார்ப்பவள் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதை நம்பி மொழிபெயர்க்க இறங்குபவர்கள் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார்கள்.

'தெம்' வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது ஆட்களைச் சுட்டுகிறதா, பொருள்களைச் சுட்டுகிறதா என்பதைத்தான். 'ஹென்' ஆட்களுக்கு உரியது. சாவிகளை மேசைமேல் வைத்தேன் என்று சொல்லும்போது அந்தச் சாவிகளை 'ஹென்' என்றால் டச்சுக்காரர் முகம் சுளிப்பார். அங்கே 'ஸெ'தான் வர வேண்டும். முன்னிடைச்சொல் (ஆங்கில 'வித்' போல, பெயருக்கு முன்னால் வரும் சொல்) சேர்ந்துவிட்டால் 'ஸெ'யும் உதவாது. வாங்கிய காலணிகள் பிடித்திருக்கின்றன என்பதற்கு ஆங்கிலத்தில் 'வித் தெம்' என்று முடிப்பார்கள். டச்சில் அது 'எர்', 'மே' என்று இரண்டாகப் பிரிந்து, நடுவில் வேறு சொற்களை வைத்துக்கொண்டு நிற்கும்: 'இக் பென் எர் எர்க் ப்ளெய் மே'. அவர்கள், அவை என்று பிரித்தே பேசிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். ஆங்கில வாக்கியத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனால்தான் கண்ணில் படாது.

அடுத்தது 'ஹென்', 'ஹுன்' விவகாரம். நேரடிச் செயப்படுபொருளாகவும் முன்னிடைச்சொல்லுக்குப் பிறகும் 'ஹென்'. முன்னிடைச்சொல் இல்லாமல் 'அவர்களுக்கு' என்ற பொருளில் 'ஹுன்'. கட்டுரையாளர் இந்த இரண்டாவது 'ஹுன்'னைச் சொல்லவே இல்லை. இந்த விதி மக்கள் பேச்சில் தானாக வளர்ந்ததும் அல்ல. 1625-இல் கிறிஸ்தியான் வான் ஹ்யூலே என்ற இலக்கணக்காரர் தம் நூலில் வகுத்துக் கொடுத்த பிரிவு அது. அதனால்தான் படித்த டச்சுக்காரர்கள்கூட இன்றும் இதில் குழம்புகிறார்கள். அழுத்தம் தேவைப்படாத இடத்தில் 'ஸெ' என்று எழுதிவிட்டால் ஆட்களுக்கும் பொருந்தும், சிக்கலும் தீரும். என் கருத்தில், புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்ல வேண்டிய முதல் உபாயம் இதுதான்.

அப்புறம், நெதர்லாந்துப் பேச்சில் 'ஹுன்' எழுவாயாகவும் வரும். 'அவர்களிடம் இருக்கிறது' என்பதற்கு 'ஹுன் ஹெபன்' என்று தெருவில் சாதாரணமாகக் கேட்கலாம். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் அப்படிப் பேசுவோர் அரிது. எழுத்தில் இதைப் பலர் பிழையாகவே கருதுகிறார்கள். ஆகவே நாவலில் ஒரு பாத்திரம் அப்படிப் பேசினால், அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்பதும் அதில் தெரியும்.

ஒருவரை மட்டும் குறிக்கும் 'தே'யைக் கட்டுரை தொடவில்லை. ஆண், பெண் என்ற வகைக்குள் வராதவர்களுக்கு இப்போது டச்சில் 'ஹென்', அல்லது 'டீ' என்று எழுவாயாகவே எழுதுகிறார்கள். வினை ஒருமையிலேயே நிற்கும். ஆங்கிலத்தில் 'தே ஆர்' என்பது இங்கே 'ஹென் இஸ்' ஆகும். பன்மை வினை போட்டால் ஒருவர் பலராகிவிடுவார். 'ஒவ்வொரு மாணவரும் தம் புத்தகம்' போன்ற பொது வாக்கியங்களுக்கு இந்தப் புதிய வழக்கு தேவையில்லை. 'எல்லா மாணவர்களும்' என்று மாற்றிக்கொண்டால் 'ஹுன்' இயல்பாக வந்து உட்காரும்.

கட்டுரைத் தொடர் நூலாகுமானால், அந்தப் பட்டியலில் 'ஸெ', 'எர்' இரண்டையும் சேர்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
உட்ரெக்ட், நெதர்லாந்து