மாதர் சங்க ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, ஆயரம்மா அவர்களே, சபைப் பெரியோரே, அன்புச் சகோதரிகளே! இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் மழை நாட்கள் தவிர தடையில்லாமல் நடந்தது. மார்ச் முதல் வெள்ளியில் உலக ஜெப நாள், தவக்காலத்தில் வீட்டு ஜெபங்கள், கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குச் சமையல் என்று எல்லாம் நடந்தன. காணிக்கையாக வரும் விளைபொருட்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைதான் கொஞ்சம் களையிழந்தது. குறுவை அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். நெல் வாசலில் குவிந்து முளைவிட்டுக் கிடக்கும்போது, யார் ஏலத்தில் பூசணிக்காயை விலையேற்றிக் கேட்பார்கள்? வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார்கள்.

இனி, இந்த வருடம் நீங்கள் பலரும் என்னிடம் கேட்ட காரியம்: மாதர் சங்கத்துக்குக் காசநோயாளிகள் வேலை எதற்கு?

அரசு மருத்துவமனைக் காசநோய்ப் பிரிவில் இருந்து ஒரு ஊழியர் ஆராதனை முடிந்தபின் வந்து பேசியது நினைவிருக்கும். நிக்ஷய் மித்ரா என்ற திட்டம் 2022 முதல் நடக்கிறது. ஒரு சங்கமோ தனி ஆளோ, சம்மதிக்கிற நோயாளிகளை ஏற்றுக்கொண்டு குறைந்தது 6 மாதம் சத்துணவுப் பொருள் கொடுக்க வேண்டும். அரசு மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. அது போதவில்லை என்பதால்தான் நம்மைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு எல்லோரும் தலையாட்டினோம். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. தொற்று நோய், வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நமக்குப் பேசத் தெரியாது, பணமாகக் கொடுத்துவிடலாமே என்று ஆளுக்கொரு காரணம். எதுவும் பொய்க் காரணம் இல்லை.

ஜூலை 9ஆம் தேதி வேன் பிடித்துத் தரங்கம்பாடி போனோம். 1706இல் அதே நாளில்தான், டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு ஐயர் அங்கே கரையிறங்கினார். அப்போது ஏறக்குறைய 24 வயது. தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுதிப் பழகினார். கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்களே அவரை விரும்பவில்லை. தளபதி அவரைப் பிடித்துச் சில மாதம் சிறையில் வைத்தார். 36 வயதில் இங்கேயே இறந்தும் போனார். நினைவுத்தூணுக்கு மாலை போட்டு, ஜெபம் பண்ணி, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு சகோதரி கேட்டார்கள்: “கடல் தாண்டி வந்தவருக்கு மாலை போடுறோம், நாம வாய்க்காலைத் தாண்டவே இவ்வளவு யோசிக்கிறோமே?”

மருத்துவமனை கொடுத்த பட்டியலில் இருந்த வீடுகளில் பாதி அந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். வாக்கப்பட்டு வந்த நாள்முதல் நம்மில் பலர் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் அறிக்கையில் எழுத வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். நான் எழுதியிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆயரம்மா அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் அனனியாவைப் பற்றிப் பேசினார்கள். கிறிஸ்தவர்களைக் கட்டிக்கொண்டுபோக வந்த சவுலிடம் போகச் சொன்னால் யாருக்குத்தான் கால் வரும்? அனனியா தன் பயத்தை மறைக்கவில்லை, ஆண்டவரிடமே சொல்லிவிட்டார். ஆண்டவர் தெருவைச் சொன்னார், வீட்டைச் சொன்னார், ‘நீ போ’ என்றார். அந்த இடத்தில் ‘பயப்படாதே’ என்ற வார்த்தை இல்லை. பயம் போனபின் ஊழியத்துக்குப் போகலாம் என்று இருந்தால் நம் ஆயுசில் போக மாட்டோம் என்று ஆயரம்மா சொன்னதும், அன்றைக்கே ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். ஜெபக்கூட்டத்தில் வாய்விட்டு ஒருநாளும் ஜெபிக்காத, பீட விரிப்புகளைத் துவைத்துத் தரும் நம் சகோதரிதான் முதல் பெயர்.

அவர்கள் போன முதல் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகும் குடும்பம். வீட்டுக்காரருக்குத்தான் நோய். அவருடைய தட்டும் டம்ளரும் திண்ணை ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் மனைவி நம் ஆட்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். நம் சகோதரியும் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாதிக் கூடை முடிந்தபின் அந்த அம்மா மெல்லச் சொன்னார்: மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் சிவப்பாகப் போனதாம், இரத்தம் என்று பயந்து அவர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். அது ரிபாம்பிசின் என்ற மருந்தின் நிறம்தான் என்று நமக்கு மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள். மறுநாளே செவிலியரோடு பேச வைத்து மறுபடி தொடங்கினார்கள். தட்டால், டம்ளரால் பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் பரவுவது வெகுவாகக் குறையும் என்பதையும் செவிலியரே எடுத்துச் சொன்னார்.

மாஸ்க் போட்டுக்கொண்டு போவதைப் பற்றி நம் சங்கத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. விசுவாசம் இருந்தால் மாஸ்க் எதற்கு என்று கேட்டவர்கள் யாரும் பெயர் கொடுத்தவர்கள் அல்ல என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். போனவர்கள் மாஸ்க் போட்டார்கள், காற்றோட்டமாக வாசலில் உட்கார்ந்தார்கள், ஜெபித்துவிட்டும் போனார்கள்.

சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பதில்லை, கேட்டால் மட்டும் ஜெபிப்பது என்று முடிவு செய்தோம். சில பெரியவர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. பருப்புப் பையோடு பிரதியையும் நீட்டினால், பருப்புக்காக வாங்குகிறார்களா, பயந்து வாங்குகிறார்களா என்று நமக்கே தெரியாது. கேட்டவர்கள் வீட்டில் ஜெபித்தோம். கேட்காத வீட்டில் வெங்காயம் உரித்தோம்.

பொருளுக்கு என்ன செய்வது என்பதுதான் அக்டோபரில் பெரிய கவலை. அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தை நம்பியிருந்தோம், அது விழுந்துவிட்டது. அப்போது நம் பாட்டிமார் காலத்துப் பிடியரிசியை மறுபடி எடுத்தோம். உலையில் போடும்முன் ஒரு பிடி தனிப் பானையில். சேர்ந்த அரிசி போக, பருப்பு, நிலக்கடலை, எண்ணெய் வாங்கச் சிலர் கைக்காசு போட்டார்கள். வயல் மூழ்கிய வீட்டில் இருந்தும் பிடியரிசி வந்தது. எந்த மாதமும் பை குறையவில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்ததாக எழுத முடியாது. ஒருவர் பாதி சிகிச்சையில் திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அங்கேயும் மாத்திரை வாங்கலாம் என்று சொல்லி அனுப்பினோம், வாங்குகிறாரா என்பதற்கு இதுவரை பதில் இல்லை. ஒரு குடும்பம், நீங்கள் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும், வராதீர்கள் என்றது. அவர்கள் பையை மருத்துவமனையிலேயே வைத்துவிடுகிறோம்.

ஏற்றுக்கொண்ட 6 மாதம் பிப்ரவரியில் முடிகிறது. புதுப் பட்டியல் தயாராக இருப்பதாக மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். போகிறவர்களில் இரண்டு பேருக்கு மூட்டு வலி, ஒருவர் மகள் பிரசவத்துக்குச் சென்னை போகிறார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்று சாப்பாட்டுக்கு முன் என்னிடம் கொடுக்கலாம். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர், மாதர் சங்கம்