சுவரோர மேசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்கர் என்றாலே கதாநாயகிகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறோம். துணை நடிகை ஹாட்டி மெக்டேனியலைப் பற்றியும் நாலு வரி போடுங்கள்.

1940 பிப்ரவரி 29, லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டல். 'கான் வித் த விண்ட்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருது வாங்கினார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். தலையில் வெள்ளை கார்டீனியா பூ. ஆனால் சக நடிகர்களோடு உட்கார இடமில்லை; சுவரோரமாக ஒரு சின்ன மேசை. கறுப்பர்களை அனுமதிக்காத அந்த ஹோட்டலில், தயாரிப்பாளர் செல்ஸ்னிக் சொல்லித்தான் உள்ளேயே விட்டார்கள்.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்தவர். பாடினார், வானொலியில் நடித்தார், பிழைப்புக்காக வீட்டு வேலையும் செய்தார். திரையிலும் பெரும்பாலும் வேலைக்காரி வேடம்தான். அதற்காகச் சொந்த இனத்தவரே கடிந்துகொண்டார்கள். எனக்கு அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கிடைத்த வேடத்திலும் எஜமானியின் கண்ணைப் பார்த்து அதட்டியவர் அவர். அப்புறம், கறுப்பர்கள் குடியிருக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் போட்ட வழக்கில் 1945-இல் வென்று, தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்.

1952-இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். ஹாலிவுட் கல்லறையில் புதைக்கச் சொல்லியிருந்தார். நிறத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 1999-இல்தான் அங்கே நினைவுக்கல் வைத்தார்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற விருதுப் பட்டயமும் காணாமல் போனது. அதற்குப் பதிலாக இன்னொன்றை, ஆஸ்கர் வழங்கும் அகாடமி 2023-இல் கொடுத்தது.

- ஒரு வாசகி