ஓவிய நோட்டில் ஏன் வெறும் கோடுகள்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா ஓவிய நோட்டை என் மேசைமேல் விரித்து வைத்தார். "ஆறு வாரமா கோடும் வட்டமும்தான் மேடம். படம் எப்ப வரும்?" நியாயமான கேள்வி. அன்றே இன்னும் நான்கைந்து பேர் இதைக் கேட்டுவிட்டதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

திங்களன்று அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு சாண் தள்ளி இரண்டு புள்ளி வைக்கச் சொன்னார் ஓவிய ஆசிரியர். பேனா முனை தாளில் படாமல், ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குக் கை மூன்று நான்கு முறை காற்றிலேயே போய் வர வேண்டும். வழி பழகியதும் ஒரே இழுப்பு. என் பக்கத்துப் பையனின் கோடு புள்ளியைத் தாண்டி ஒரு விரற்கடை ஓடிவிட்டது. கை தானாக ரப்பரைத் தேடியது; ரப்பர்தான் கிடையாதே! கீழே புதிதாக இரண்டு புள்ளி வைத்தான். பத்தாவது கோடும் கொஞ்சம் தாண்டத்தான் செய்தது. ஆனால் நடுக்கம் போயிருந்தது.

பேனா முனையையே பார்த்துக்கொண்டு மெதுவாக இழுத்தால், கண் நொடிக்கு நொடி திருத்தச் சொல்லும், கையும் திருத்திக்கொண்டே போகும். அதுதான் தாளில் நடுக்கமாக விழுகிறது. மணிக்கட்டை மட்டும் அசைத்தாலோ கோடு சீக்கிரமே வில்லாக வளைந்துவிடும். அதனால்தான் நீளக் கோட்டுக்குத் தோளிலிருந்து கையை அசைக்கச் சொல்கிறோம். எழுதுவதற்கு விரலும் மணிக்கட்டும் போதும். வரைவது வேறு பழக்கம்.

மார்கழியில் மயிலாப்பூர்த் தெருக்களில் சிக்குக் கோலம் போடுகிறவர்களைப் பாருங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்து, கை தோளிலிருந்து தொங்க, விரலிடுக்கில் மாவு ஒரே சீராக விழும். தப்பினால் கையால் அழிப்பார்கள்தான். ஆனால் இழுக்கும்போது தயங்குவதில்லை. வீட்டில் பாட்டி இருந்தால் ஓவியப் பாடத்துக்கு எங்களைவிட அவர்தான் பொருத்தமான ஆசிரியர்.

வட்டத்துக்கும் இதே முறைதான். காற்றில் இரண்டு சுற்று, தாளில் இரண்டு சுற்று. கோடு இரட்டையாகத் தெரிந்தால் பரவாயில்லை, முட்டி மோதி நிற்கக் கூடாது. அடுத்து நீள்வட்டம்: எவர்சில்வர் டம்ளரைக் கண்மட்டத்துக்குத் தூக்கினால் அதன் வாய் வெறும் கோடாகத் தெரியும், இறக்க இறக்க அகலும். இதைப் பார்த்துவிட்ட பிள்ளை சொம்பு, குடம் எல்லாம் தானே வரையும். தீப்பெட்டி வரைய வந்துவிட்டால் வீடும் பேருந்தும் தூரமில்லை.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். கோடு போடாத நோட்டும் நீல பால்பாயிண்ட் பேனாவும் கொடுங்கள். பென்சில் கொடுத்தால் பின்னாலேயே ரப்பர் வந்துவிடும். ஸ்கேலும் வேண்டாம். ஒரு நோட்டில் இருபது கோடும் நூல் பிடித்தாற்போல் இருந்தன. கேட்டதற்கு, "அப்பா போட்டுக் கொடுத்தாங்க மேடம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டது குழந்தை. அப்பாவின் அக்கறை புரிகிறது. மதிப்பெண் அவருக்குத்தான் போட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கோணல் கோட்டைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். என் வட்டம் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறதென்று சிறுவயதில் ஸ்கேலால் விரல்முட்டியில் அடி வாங்கியவள் நான். அதற்குப் பிறகு கல்லூரி முடியும்வரை படம் வரையும் பக்கமே போகவில்லை.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கு அழைத்துப் போகிறோம். எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவப்பட்டது. பாறையை நகர்த்தும் அந்த நான்கு பேரின் முகத்தையோ தசையையோ இப்போது வரையச் சொல்லப் போவதில்லை. உடல் எந்தச் சாய்வில் பாரத்தைத் தள்ளுகிறது என்பதை ஆளுக்கு நான்கைந்து கோட்டில் பிடித்தால் போதும்.

பேருந்து காலை 6 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து கிளம்பும், வெயில் ஏறுமுன் 9 மணிக்குத் திரும்பிவிடும். கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டை வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், நோட்டை வைத்து வரைய ஒரு பரீட்சை அட்டை அவசியம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்