கீமோ வார்டு மருத்துவர்களுக்கு: ஒரே ஒரு பக்கம், தமிழில்

மதுரையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றும் முன் அவில் என்ற அலர்ஜி ஊசி எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும். மருந்தைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒன்றைச் சேர்க்கிறார்கள், அதனால் ஒவ்வாமை வரலாம், அதற்குத்தான் அவில். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வந்து இறங்கும் எங்கள் அத்தைக்கு இதை யாரும் சொல்லவில்லை. "ஹிஸ்டமின்தான் கட்டிய வளக்குதாம், அதான் அலர்ஜி ஊசி போடுறாக" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. ஹிஸ்டமின் என்பது ஒவ்வாமையைக் கிளப்பும் வேதிப்பொருள், சில சாப்பாட்டிலும் உண்டு. அன்றோடு கருவாடு நின்றது, தயிர் நின்றது, கத்தரிக்காயும் நின்றது. கீமோவில் வாய் கசந்துபோன மனுஷிக்குக் கருவாட்டுக் குழம்பு இருந்தால்தான் ரெண்டு வாய் சோறு இறங்கும், அதுவும் போய், எடை இறங்கி, அடுத்த கீமோ தள்ளிப்போனது. வார்டில் கேட்டதற்கு வந்த பதில்: "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?"

எதுக்கென்றால், பட்டினி கிடந்தது அவர்.

அந்தக் குரல் சொன்னது முழுப்பொய்யும் இல்லை, அதுதான் ஆபத்து. ஹிஸ்டமினை நம் உடம்பே செய்கிறது, சில புற்றுசெல்களும் செய்கின்றன. செல்களின் மேல் அது போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகள் நான்கு வகை. எந்த செல்லில் எந்த ஏற்பி என்பதைப் பொறுத்து வளர்ச்சியைத் தூண்டும், இல்லை அடக்கும். கட்டிக்குள் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில், அந்த நான்கில் ஒன்றான எச்1 ஏற்பியை அது தூண்டும்போது, புற்றை எதிர்க்கும் டி செல்கள் முடங்குகின்றன என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் ஹிஸ்டமின் செய்யவே முடியாத எலிகளுக்குக் குடல் புற்றும் தோல் புற்றும் அதிகம் வந்ததை 2011இலேயே கண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு வகை ரத்தப்புற்று திரும்பாமல் இருக்க ஹிஸ்டமினையே ஊசியாகப் போட 2008இல் அனுமதித்தார்கள். இதில் பாதியை மட்டும் கேட்டவர் ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி மாத்திரையான செட்ரிசினைக் கடையில் வாங்கித் தினமும் போடுவார், இன்னொருவர் சாப்பாட்டை விடுவார்.

அதனால் ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். அவில் எதற்கு, அலர்ஜி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடலாமா, எதைச் சாப்பிடலாம், அவ்வளவுதான். ஒப்புதல் படிவம் ஆங்கிலம், டிஸ்சார்ஜ் தாள் ஆங்கிலம், ஸ்கேன் ரிப்போர்ட் ஆங்கிலம், கையெழுத்தை மட்டும் தமிழில் வாங்கிக்கொள்கிறீர்கள். வார்டில் கூட்டம் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்க்கிறோம், ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச உங்களுக்கு நேரமில்லை, சரி. தாளுக்கு அந்த நேரம் வேண்டாமே.

முதல் கீமோவுக்கு வருகிறவர் கையில் அந்த ஒரு பக்கம் இருக்க ஏற்பாடு செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.